இணைப்பு: பொட்டலம் ஒன்று

2002ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், போதைக்கு அடிமையானவர்கள் எல்லாரும் நோயாளிகள் ஆனார்கள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை வரை அவர்கள் குற்றவாளிகளாகத்தான் இருந்தார்கள். நடுவில் வந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர்கள் என்னவாக இருந்தார்கள் என்று விளக்கம் கேட்டு, எங்கள் பிரிவு அதிகாரி டிம்ரி சாப் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். இன்றுவரை பதில் வரவில்லை.

தில்லியில் ஐ.டி.ஓ. பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் எங்கள் அலுவலகம் இருந்தது. 'போதைக் குற்றக் கண்காணிப்பு இயக்ககம்' என்று இருந்த பெயரை 'போதை நோயாளிகள் நல இயக்ககம்' என்று மாற்றினார்கள். ஆட்கள் மாறவில்லை, நாற்காலிகளும் மாறவில்லை. இயக்குநர் சப்பர்வால் சாப் போலீசிலிருந்து எங்களுக்கு வந்தவர். திங்கட்கிழமை காக்கிச் சட்டையில் வந்தார், செவ்வாய்க்கிழமை அதே காக்கிக்கு மேல் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். அடித்தளத்தில் இருந்த ஆறு லாக்கப் அறைகள் வார்டு ஆயின. கம்பிகளுக்கு ஆஸ்பத்திரிப் பச்சை அடித்து, உள்ளே அறைக்கொரு கட்டில் போட்டார்கள். பூட்டு மட்டும் நல்ல பூட்டு என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். கைவிலங்குகளுக்குப் புண்ணுக்குக் கட்டும் காஜ் துணி சுற்றும்படி எழுத்து மூலமாக உத்தரவு வந்தது. நோயாளிக்கு இரும்பு பட்டால் குளிருமாம்.

நான் அங்கே தபால் வாங்கும் கிளார்க். விருதுநகர்ப் பக்கத்துக்காரன், ஜனக்புரியில் வாடகைக்கு இருந்தேன். வருகிற காகிதத்தில் தேதி முத்திரை குத்தி எண் போடுவது என் வேலை. அந்த பிப்ரவரியில் கூடுதலாக இன்னொரு வேலை கொடுத்தார்கள். பழைய படிவங்கள் நாற்பதாயிரம் மிச்சம் இருந்தன. இருப்பு தீராமல் புதிதாக அச்சடிக்க முடியாது. ஆகவே 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்ற இடத்தில் எல்லாம் கோடு போட்டு, மேலே 'நோயாளி' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்த வேண்டும். பதினொரு நாள் குத்தினேன், தோள்பட்டை வீங்கிவிட்டது. 'சம்பவம் நடந்த இடம்', 'பயன்படுத்திய ஆயுதம்' என்கிற கட்டங்களைப் பற்றி உத்தரவில் ஒன்றும் சொல்லவில்லை, நானும் தொடவில்லை.

இவ்வளவு ஏற்பாடு செய்தும் மூன்று மாதமாக ஒரு நோயாளிகூட வரவில்லை. தில்லியில் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை, மேம்பாலத்துக்கு அடியில் போனால் கூட்டம் கூட்டமாகக் கிடப்பார்கள். ஆனால் எங்கள் கடிதம் இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியும் போதைக் கேஸைத் தொடக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போயிருந்தது. எங்களிடம் கடிதம் வாங்க வந்தால் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று ஊருக்கே தெரியும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி லத்தியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

மே மாதக் கடைசியில் பச்சைமுத்து வந்தார். என் மேஜையில் இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு, "தம்பி, தமிழா?" என்றார்.

"ஆமாங்க, சொல்லுங்க."

அரியலூர்க்காரர். ஒரு அமைச்சகத்தில் முப்பத்தோரு வருஷமாகக் கிளார்க். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் மனைவி பொன்னி, ஒரே மகன் கௌதமன், மூன்று பேர். கௌதமனுக்கு இருபத்திரண்டு வயது. கரோல் பாகில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கப் போனவன், அங்கே ஸ்மாக் என்கிற போதைத் தூள் பழகிவிட்டான். இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் பாத்திரம்கூட மிஞ்சவில்லை. இதையெல்லாம் பச்சைமுத்து ஒரு குறிப்பு எழுதுகிற மாதிரி வரிசையாகச் சொன்னார். 

"நேத்து அவனே வந்து சொல்றாந் தம்பி. 'அப்பா, என்னை எங்கயாவது சேத்துடு. ஜல்தி பண்ணு. நாளைக்கு நான் வேற மாதிரி பேசுவேன்'னான். இந்த வார்த்தைக்குத்தான் ரெண்டு வருஷமா காத்துக் கெடந்தோம். அவன் மாத்திச் சொல்றதுக்குள்ள ஒரு பெட்டு வேணும்."

நான் அவரை டிம்ரி சாப்பிடம் அழைத்துப் போனேன். டிம்ரி இந்தியில் பேசியதை நான் தமிழில் தருகிறேன். அசலில் இன்னும் நன்றாக இருந்தது.

"எஃப்.ஐ.ஆர். நம்பர்?" என்றார் டிம்ரி.

"இல்லை சாப். பையன் எந்தக் குத்தமும் செய்யலை."

"அப்புறம் எப்படி நோயாளி?"

பச்சைமுத்து குழம்பிப் போய், சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். "குற்றவாளி அல்ல, நோயாளின்னு போட்டிருக்கே சாப்."

"அரே பாய், நீங்க அதைச் சரியா படிக்கலை. குற்றம் சாட்டப்பட்டவன் தானா முன்வந்து சிகிச்சை கேட்டா அவனை நோயாளியா நடத்தணும், இதுதான் விதி. முதல்ல குற்றவாளி. அடுத்தது குற்றவாளி அல்ல. அதுக்கப்புறம்தான் நோயாளி. உங்க பையன் முதல் ரெண்டு படியையும் தாண்டி நேரா மூணாவதுல வந்து நிக்கிறான். பாலத்தடியில அவ்வளவு பேர் வரிசையா காத்திட்டிருக்காங்க, அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

"வேற வழி இல்லையா சாப்?"

"எங்களுக்கும் இதயம் இருக்கு. எஃப்.ஐ.ஆர். இல்லாதவங்க விதி பதினொண்ணுப்படி நோய்க்கான அத்தாட்சியை இணைக்கலாம்."

"டாக்டர் சர்ட்டிஃபிகேட்டா?"

"எங்க கடிதம் இல்லாம எந்த டாக்டர் பார்ப்பான்?"

"அப்ப என்ன அத்தாட்சி சாப்?"

"அத்தாட்சின்னா அத்தாட்சி," என்று சொல்லிவிட்டு டிம்ரி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

இந்த இடத்தில் ஒரு வியாபாரியோ ஆட்டோக்காரரோ இருந்திருந்தால், தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். பச்சைமுத்து முப்பத்தோரு வருஷம் அரசாங்கத்தில் இருந்தவர். அத்தாட்சி இணைக்க வேண்டும் என்று விதி சொன்னால் இணைத்துத்தான் ஆக வேண்டும் என்று நம்புகிறவர். தன் வாழ்நாளில் இணைப்பு இல்லாத விண்ணப்பத்தை அவர் அனுப்பியதே இல்லை.

மறுநாள் விண்ணப்பத்தோடு வந்தார். இரண்டு பக்கம், அருமையான இங்கிலீஷ். பொருள், பார்வை, பத்தி எண் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கடைசியில் இடது பக்கம் 'இணைப்பு: ஒன்று' என்று தட்டச்சு செய்திருந்தார். தனித் தாளில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தைப் பசை போட்டு ஒட்டி, ஓட்டை போட்டு, டேக் கட்டியிருந்தார். அதன் கீழே அவர் அமைச்சகத்து அதிகாரி ஒருவர் பச்சை மையில் சான்றொப்பம் இட்டு, 'அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரையும் குத்தியிருந்தார். அந்த அதிகாரி எதையும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வழக்கம் உள்ளவர் இல்லை.

நானாவது பார்த்திருக்க வேண்டும். மகனுக்காக வேண்டிக்கொண்டு மலை மந்திர் முருகன் கோயில் விபூதியை வைத்திருக்கிறார், பாவம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். தேதி முத்திரை குத்தி, எண் போட்டு, உள்ளே அனுப்பினேன். அந்த விபூதி கௌதமனின் தலையணைக்குள் இருந்து அவன் தூங்கும்போது எடுத்தது என்பது எனக்கு மத்தியானம்தான் தெரிந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். டிம்ரி ஃபைலைத் திறந்தார், முகர்ந்தார், நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டார். பத்து வருஷமாகப் போதைப் பொருளைப் பற்றிக் குறிப்பு எழுதி வந்த அந்த அலுவலகத்துக்குள் போதைப் பொருள் வந்தது அதுதான் முதல் தடவை. ஃபைலைக் கையில் வைத்திருப்பவர் சட்டப்படி போதைப் பொருள் வைத்திருப்பவர் ஆகிவிடுவார் என்று யாரோ சொன்னார்கள். உடனே ஃபைல் அனாதை ஆகிவிட்டது. பியூன் தூக்க மாட்டேன் என்றார். துணை இயக்குநர் வாசலில் நின்றபடியே, 'தூரத்திலிருந்து பார்வையிட்டேன், தொடவில்லை' என்று தனித் தாளில் குறிப்பு எழுதினார். திருப்பி அனுப்பலாம் என்றால் அது விநியோகம் ஆகிவிடும், தூக்கிப் போட்டால் தடயத்தை அழித்தல். கடைசியில் ஃபைலை இரும்பு பீரோவில் பூட்டி, பீரோவுக்கு ஒரு போலீஸ்காரரைக் காவல் போட்டார்கள். பீரோவுக்குள் எங்கள் ஊழியர்களின் லீவ் கணக்கெல்லாம் மாட்டிக்கொண்டதில், மூன்று வாரம் அந்த அலுவலகத்தில் யாரும் லீவு எடுக்க முடியவில்லை.

அந்த மூன்று வாரமும் பச்சைமுத்து தினமும் வந்தார். கௌதமன் நாலு நாள் சரி என்பான், இரண்டு நாள் காணாமல் போவான். காலில் ஊசி போட்ட இடம் பழுத்துச் சீழ் பிடித்திருந்தது. "இன்னிக்கி சரின்னு சொல்றாந் தம்பி, ஃபைல் எங்க இருக்கு?" என்று கேட்பார். பீரோவில் இருக்கிறது என்று சொல்வேன். நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஜூன் பதினெட்டாம் தேதி இயக்குநர் அறையில் கூட்டம். இருபத்தாறாம் தேதி போதை ஒழிப்பு தினம், அமைச்சர் விளக்கேற்ற வருகிறார். அந்த வருஷத்து இலக்கு நூறு நோயாளிகள். கையில் இருந்தது பூஜ்யம்.

"ஒரே ஒரு நோயாளியாவது மேடையில வேணும்," என்றார் சப்பர்வால் சாப். "இந்த நாட்டுல நோயாளிக்கா பஞ்சம்? நாம அன்பா கூப்பிடறோம், ஒருத்தன்கூட வரமாட்டேங்கறான். பழைய முறையில ஒரு ஜீப் அனுப்பினா அரை மணி நேரத்துல நாற்பது பேரைக் கொண்டாந்திருப்பேன். ஆனா இப்ப நாம மனிதாபிமானத்துல இருக்கோம்."

அப்போதுதான் சட்ட அதிகாரி பீரோவை நினைவுபடுத்தினார். பொட்டலத்தைத் தன் வசம் வைத்திருந்தவர், டி.டி.சி. பஸ்ஸில் கடத்தியவர், அரசு அலுவலகத்தில் ஒப்படைத்தவர் எல்லாம் பச்சைமுத்துதான். கையெழுத்து, தேதி, சான்றொப்பம் எல்லாம் ஃபைலிலேயே இருக்கின்றன. இத்தனை ஆதாரத்தோடு ஒரு குற்றவாளி தன் சர்வீசில் வந்ததில்லை என்று சப்பர்வால் சாப் வியந்தார்.

அன்று மத்தியானம் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். சம்பவம் நடந்த இடம்: தபால் வாங்கும் கவுண்டர். பயன்படுத்திய ஆயுதம்: டேக் ஒன்று. வழக்கம்போல ஃபைல் எங்கே என்று கேட்க வந்த பச்சைமுத்துவை டிம்ரி எழுந்து நின்று வரவேற்றார்.

"முபாரக் ஹோ, வாழ்த்துகள்! உங்களுக்கு எஃப்.ஐ.ஆர். வந்தாச்சு. இனி நீங்க சிகிச்சைக்குத் தகுதியானவர். முன்வந்து கையெழுத்துப் போட்டீங்கன்னா நோயாளி. போடலைன்னா ஜெயில், வேலையும் போகும்."

பச்சைமுத்துவுக்குப் புரியவே இல்லை. "சாப், நான் காபியே ஒரு வேளைதான் குடிப்பேன். நோய் என் பையனுக்கு."

"ஃபைல்ல உங்க பேருதானே இருக்கு?"

"அப்ப எனக்குக் குடுக்கற பெட்டை அவனுக்குக் குடுத்துடுங்க."

"படுக்கையைப் பிறர் பேருக்கு மாத்த முடியாது. விதி ஒன்பது."

அவர் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். நின்றபடியே கடைசிப் பக்கம் வரை படித்தார்.  பிறகு, "விதி பதினாலுப்படி நோயாளிகூட ஒரு ஆள் துணைக்குத் தங்கலாமா சாப்?" என்று கேட்டார். தங்கலாம் என்றார் டிம்ரி. பச்சைமுத்து பேனாவை எடுத்துத் தான் போதைக்கு அடிமை என்று கையெழுத்துப் போட்டார். இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றார்கள். பச்சைமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் போட்டேன். அந்தப் பொய் மட்டும்தான் அந்த அலுவலகத்தில் நான் செய்த உருப்படியான வேலை என்று அன்றைக்கு நினைத்தேன்.

மறுநாள் முதல் பச்சைமுத்து வார்டில் நோயாளி, கௌதமன் துணைக்கு வந்தவன். பகலில் யாராவது வந்தால் அப்பா கட்டிலில் படுத்துக்கொள்வார், மகன் ஸ்டூலில் உட்கார்ந்து விசிறுவான். ஆள் போனதும் இடம் மாறிக்கொள்வார்கள். வார்டுக்கு வந்திருந்த நர்ஸ் மரியா நாகர்கோவில்காரி. முதல் நாளே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"மாத்திரையை பேஷன்ட் கையில குடுத்தேன்னு எழுதணும், எழுதிடுவேன்," என்று என்னிடம் சொன்னாள். "யார் வாயில போச்சுன்னு எழுத ஃபாரத்துல கட்டமே இல்ல சார்."

மாத்திரையை வாங்கி அப்பா மகனுக்குக் கொடுத்தார். காலில் இருந்த புண்ணுக்கு மரியா கட்டுப் போட்டாள். முதல் மூன்று நாள் கௌதமன் துடித்தான், வாந்தி எடுத்தான், அப்பாவைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். பச்சைமுத்து அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் தூங்கினான். ஆறாம் நாள், "அப்பா, பூக் லகி ஹை, பசிக்குது, அம்மாகிட்ட ரசம் கொண்டு வரச் சொல்லு" என்றான். பொன்னி தூக்குவாளியில் ரசம் சாதம் கொண்டு வந்தாள். அவன் சாப்பிடுகிறதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு அந்த வார்டை அன்று ரொம்பப் பிடித்திருந்தது, அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

எட்டாம் நாள் விழா. அமைச்சர் குத்துவிளக்கு ஏற்றினார், மின்விசிறி அணைத்தது, மறுபடி ஏற்றினார். பச்சைமுத்துவை சால்வை போர்த்தி மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். காஜ் சுற்றிய விலங்கைச் சால்வை மறைத்தது. சப்பர்வால் சாப் பேசினார்.

"நண்பர்களே, முன்பெல்லாம் ஒரு போதை அடிமையைப் பிடிக்க என் ஆட்கள் பாலத்துக்கு அடியில் நாயாக அலைய வேண்டும். இன்று அந்த அவசியம் இல்லை. நோயாளி என்று அன்பாக ஒரு வார்த்தை சொன்னோம். இதோ, இவர் தானே வந்தார், தன் குற்றத்துக்கு ஆதாரத்தையும் தானே கொண்டு வந்தார். இதைவிட ஒரு இயக்ககத்துக்கு என்ன பெருமை வேண்டும்? இவரைக் கைது செய்ய அரசாங்கத்துக்கு ஒரு லிட்டர் பெட்ரோல்கூடச் செலவாகவில்லை."

கைதட்டல் ஓய்ந்ததும் பச்சைமுத்துவை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் தமிழில்தான் பேசினார், மொழிபெயர்க்க என்னை நிறுத்தியிருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. நான் இதைத் தொட்டதே கெடையாது. சீக்கு எம்பையனுக்கு. அவன் அங்க கடைசி வரிசையில உக்காந்திருக்கான். எட்டு நாளா நல்லா இருக்கான். அவன் பேருக்கு ஒரு பெட்டு போட்டுக் குடுத்தீங்கன்னா பொழச்சிக்குவான்."

நான் வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன்.  சப்பர்வால் சாப் எழுந்து மைக்கை வாங்கினார். "பார்த்தீர்களா? தனக்கு நோயே இல்லை என்று மறுப்பதுதான் இந்த நோயின் முதல் அறிகுறி. பழியைப் பெற்ற பிள்ளை மேல் போடுவது இரண்டாவது அறிகுறி. இவருக்கு இன்னும் தீவிரமான சிகிச்சை தேவை." அமைச்சர் முதல் ஆளாகக் கைதட்டினார்.

தீவிரச் சிகிச்சை என்றதும் மறுநாள் சிறுநீர்ப் பரிசோதனை எடுத்தார்கள். பச்சைமுத்துவின் உடம்பில் போதைப் பொருளும் இல்லை, எட்டு நாளாகக் கொடுத்த மருந்தும் இல்லை. முதலாவது தெரிந்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதற்கு விசாரணை வைத்தார்கள். மருந்து கௌதமன் உடம்பில் இருந்தது. 'நோயாளிக்கான அரசு மருந்தை நோயாளி அல்லாத ஒருவர் எட்டு நாட்கள் உட்கொண்டுள்ளார்' என்று டிம்ரி குறிப்பு எழுதினார். மரியாவைத் திருப்பி அனுப்பினார்கள். கௌதமனை வெளியே போகச் சொன்னார்கள்.

பச்சைமுத்து டிம்ரியின் மேஜைமேல் தலையை வைத்து அழுதார். "சாப், இன்னும் ரெண்டு வாரம். ரெண்டே வாரம். மருந்தை நிறுத்தினா பையன் செத்துருவான் சாப்."

"எங்களுக்கும் இதயம் இருக்கு," என்றார் டிம்ரி. "ஆனா நோயே இல்லாதவனுக்கு மருந்து குடுக்கறது எவ்வளவு பெரிய ஆபத்து, யோசிச்சுப் பாருங்க."

வாசல் வரை நான் கௌதமனோடு போனேன். சட்டை புதிதாக இருந்தது, பொன்னி வாங்கிக் கொடுத்தது. "அங்கிள், அப்பாவுக்குச் சொல்லுங்க, நான் ட்ரை பண்றேன்" என்றான். அம்மாவும் மகனும் பஸ் ஏறினார்கள்.

வீட்டில் அவனே, "அம்மா, கதவை வெளியே பூட்டு" என்று சொல்லியிருக்கிறான். பொன்னி பூட்டிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு நாள் அவன் உள்ளே சுவரில் முட்டிக்கொண்டது கேட்டதாம். மூன்றாம் நாள் குளியலறை ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு அது வழியாகப் போய்விட்டான். காலையில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த பார்க்கில் கிடந்தான், வாயில் நுரை. பத்துப் பன்னிரண்டு நாள் விட்டவன் பழைய அளவைப் போட்டால் உடம்பு தாங்காது என்று பிறகு மரியா எனக்குச் சொன்னாள். இதை அவள் தன்னைத் திருப்பி அனுப்பிய அன்றே டிம்ரியிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நான்தான் அதில் தேதி முத்திரை குத்தியிருக்கிறேன். படிக்கவில்லை.

பிரேதப் பரிசோதனை முடிந்து மறுநாள் உடலைக் கொடுத்தார்கள். பொன்னி நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். அழவில்லை.

"ஏங்க, அவங்கள விடச் சொல்லுங்க. கொள்ளி வெக்கணும். வேற ஒண்ணும் கேக்கல."

சப்பர்வால் சாப் அறைக்குக் கூட்டிப் போனேன். அவர் எழுந்து நின்று வருத்தம் தெரிவித்தார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். சிகிச்சை தொண்ணூறு நாள், நடுவில் வெளியே விட வழியில்லை.

"கைதியா இருந்தா மகன் சாவுக்கு நாலு மணி நேரம் பரோல் உண்டு," என்றார் உண்மையான துக்கத்தோடு. "தூக்குத் தண்டனைக் கைதிக்குக்கூட அனுப்பியிருக்கேன். ஆனா இவர் கைதி இல்லையே அம்மா. நோயாளிக்குப் பரோல்னு எந்தச் சட்டத்துலயும் எழுதலை. நோயாளியைக் கைதி மாதிரி நடத்தினா நாளைக்கு எங்களைப் பத்திப் பேப்பர்ல என்ன எழுதுவாங்க?"

நான் அடித்தளத்துக்கு ஓடினேன். பச்சைமுத்துவிடம் மகன் செத்ததை நான்தான் சொன்னேன், பரோல் விஷயத்தையும் சேர்த்தே சொன்னேன். ஒன்றைச் சொல்லி நிறுத்திவிட்டு அடுத்ததைச் சொல்ல நேரமில்லை. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். 

"தாள் இருக்கா தம்பி? எழுதிக்கங்க. நான் நோயாளி இல்ல. தெரிஞ்சே, சொந்தப் புத்தியோட அந்தப் பொட்டலத்தை வெச்சிருந்தேன். சிகிச்சை வேணாம். நான் குற்றவாளி."

எழுதினேன். கையெழுத்துப் போட்டார். அதைப் படித்ததும் சப்பர்வால் சாப் முகம் வாடிப் போயிற்று. "நூறு சதவீதம் வெற்றி காட்டியிருந்தேன். இந்த ஒரு ஆளால பூஜ்யத்துக்கு வந்துட்டோம்" என்றார். ஆனாலும் பரோல் உத்தரவில் உடனே கையெழுத்துப் போட்டார். குற்றவாளிகள் விஷயத்தில் அந்த அலுவலகம் எப்போதும் வேகம்தான்.

லோதி ரோடு மயானத்துக்கு ஜீப்பில் போனோம். பச்சைமுத்துவுக்கு இருபக்கமும் இரண்டு போலீஸ்காரர்கள். இரண்டு பேருமே ஹரியானாக்காரர்கள், நல்லவர்கள். சிதைக்குப் பக்கத்தில் போனதும் விலங்கைக் கழற்றிவிட்டு, தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். பச்சைமுத்து கொள்ளி வைத்தார். பொன்னி அப்போதுதான் கத்தினாள். தமிழில் அவள் கத்தியது அங்கே என்னைத் தவிர யாருக்கும் புரியவில்லை, நான் அதை இங்கே எழுதப் போவதில்லை.

வெளியே வரும்போது மயான ஆபீஸ் ஜன்னலில் ஒரு கிழ முன்ஷி பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கக் காம்பைக் கயிற்றால் கட்டியிருந்தார். பெயர், வயது, முகவரி கேட்டு எழுதினார். ஆஸ்பத்திரித் தாளை நீட்டினேன். இங்கிலீஷில் இருந்ததால் அதை அவர் பார்க்கவே இல்லை.

"க்யா ஹுவா தா?" என்றார். என்ன ஆயிற்று பையனுக்கு?

பச்சைமுத்து போலீஸ்காரர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அனிச்சையாகக் கை சட்டைப் பையைத் துழாவியது. அதில் காகிதம் ஒன்றும் இல்லை.

"பாய் சாப், பின்னால ஆள் நிக்கிறாங்க. என்ன ஆச்சு?"

"பீமார் தா," என்றார் பச்சைமுத்து. நோயாக இருந்தான்.

முன்ஷி தலையாட்டிவிட்டு அந்தக் கட்டத்தில் 'பீமாரி' என்று எழுதினார், நோய் என்று. எதையும் இணைக்கச் சொல்லவில்லை. பச்சைமுத்து ஜன்னல் கம்பிக்குள் முகத்தை வைத்து அந்த ஒரு வார்த்தையைப் படித்துக்கொண்டே நின்றார். நாலு மணி நேரம் முடியப் போகிறது என்று போலீஸ்காரர் தோளைத் தொட்டுச் சொல்லும் வரை நகரவில்லை.